காலியிடம் உண்டு, நியமனம் இல்லை

2021 செப்டம்பர் 24 அன்று இரவு மகாராஷ்டிர அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. விடிந்தால் நடைபெறவிருந்த பொதுச் சுகாதாரத் துறைத் தேர்வு ஒத்திவைக்கப்படுகிறது என்றது அந்த அறிவிப்பு. செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர் ஆகிய பணிகள் அடங்கிய சி பிரிவில் 2,739 இடங்கள், டி பிரிவில் 3,466 இடங்கள், ஆக மொத்தம் 6,205 பணியிடங்களுக்கான தேர்வு அது. விண்ணப்பித்திருந்தவர்கள் பல லட்சம் பேர். அவர்களில் எத்தனையோ பேர் கடன் வாங்கிய பணத்தில் பேருந்தேறி, தேர்வு மையம் இருந்த ஊருக்குப் பாதி வழி வந்துவிட்டிருந்தனர். தேர்வை நடத்தும் பொறுப்பு ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அந்த நிறுவனத்தால் ஏற்பாடுகளைச் செய்து முடிக்க இயலவில்லை என்பதே ஒத்திவைப்புக்குக் கூறப்பட்ட காரணம். சுகாதார அமைச்சர் வருத்தம் தெரிவித்தார்.

அக்டோபர் 24, 31 ஆகிய நாட்களில் தேர்வு நடந்தது. வினாத்தாள் அதற்கு முன்பே வெளியே வந்துவிட்டிருந்தது. வழக்கை விசாரித்த புனே சைபர் குற்றப் பிரிவு காவல்துறை ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துக்கொண்டு மேலே சென்றபோது, அந்தச் சங்கிலி சுகாதாரத் துறையின் இணை இயக்குநர் ஒருவரிடம் போய் நின்றது. வினாத்தாள் தயாரிப்புக் குழுவில் இடம்பெற்றிருந்தவர் அவர். டிசம்பரில் அவர் கைது செய்யப்பட்டார். தேர்வு பின்னர் ரத்தானது. அடுத்த விளம்பரம் வெளியானது 2023 ஆகஸ்டில்தான். அதற்குள் காலியிடங்களின் எண்ணிக்கை 10,949 ஆக வளர்ந்திருந்தது. பொதுப் பிரிவினருக்கு 1,000 ரூபாய், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 900 ரூபாய் எனத் தேர்வுக் கட்டணமும் நிர்ணயிக்கப்பட்டது.

2021இல் செவிலியர் படிப்பை முடித்த ஒரு இளம்பெண்ணுக்கு இந்த இரண்டு ஆண்டுகள் எப்படிக் கழிந்திருக்கும்? கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்த நேரம் அது. செவிலியர்கள் மீது மலர் தூவப்பட்டதும், தட்டுகள் ஒலித்ததும் மக்கள் நினைவில் அப்போது பசுமையாக இருந்தன. மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறை என்று அரசே ஒப்புக்கொண்டது. பணியிடம் காலியாக இருந்தது, பட்டம் பெற்றவரும் காத்திருந்தார். இருவரையும் சேர்த்து வைக்க வேண்டிய ஒரே ஒரு தேர்வை நேர்மையாக நடத்த அரசால் முடியவில்லை. இதை வெறும் நிர்வாகக் குளறுபடி என்று கருதிக் கடந்து செல்வோர் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும்.

2023 செப்டம்பர் 6 அன்று மகாராஷ்டிர அரசு வேறொரு ஆணையைப் பிறப்பித்தது. அரசுத் துறைகளுக்குத் தேவையான பணியாளர்களை ஒன்பது தனியார் முகமைகள் வழியே ஒப்பந்த முறையில் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். உயர்திறன் பணியாளர் முதல் திறன்சாராப் பணியாளர் வரை அனைவரும் அதில் அடக்கம். நிரந்தரத் தேர்வுக்குக் கட்டணம் செலுத்திவிட்டுக் காத்திருந்தவர்கள் கொதித்தெழுந்தனர். மாணவர்களும் வேலையில்லா இளைஞர்களும் மாவட்டந்தோறும் தெருவில் இறங்கியதைத் தொடர்ந்து, அக்டோபர் 20 அன்று ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதை அறிவித்த துணை முதல்வர் தேவேந்திர பட்னாவிஸ், இந்த முறையைத் தொடங்கி வைத்தது முந்தைய ஆட்சிதான் என்று பழியை அந்தப் பக்கம் தள்ளினார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2021 தேர்வைத் தனியாரிடம் கொடுத்தது காங்கிரசும் தேசியவாத காங்கிரசும் சிவசேனாவும் சேர்ந்து நடத்திய அரசு. செவிலியர் நியமனத்தை வெளிமுகமையிடம் விடும் முடிவை எதிர்த்து 2022 மே மாத இறுதியில் மாநிலம் முழுவதும் அரசு மருத்துவமனைச் செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் அதே ஆட்சியில்தான். பிறகு ஆட்சி மாறியது. முகமைகளின் எண்ணிக்கை ஒன்பதானது. 2025 ஜூலையில் செவிலியர்கள் அதே ஒப்பந்த நியமனத்தை எதிர்த்து மீண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்க வேண்டியிருந்தது. புனே சசூன் மருத்துவமனையிலும் அந்தப் போராட்டம் நடந்தது.

ஆணை பிறந்ததற்கும் திரும்பப் பெறப்பட்டதற்கும் இடையிலான அந்த ஆறு வாரங்களில்தான் நாந்தேடு துயரமும் நிகழ்ந்தது. நாந்தேடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 24 மணி நேரத்தில் 24 பேர் இறந்தனர். அவர்களில் 12 பேர் பச்சிளங் குழந்தைகள். மருந்துத் தட்டுப்பாடா, ஆள் பற்றாக்குறையா, தாமதமாகக் கொண்டுவரப்பட்ட நோயாளிகளா என்று விவாதம் நடந்தது. ஆளும் கூட்டணியைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் மருத்துவமனைக்கு வந்து, கல்லூரி முதல்வரின் கையில் துடைப்பத்தைக் கொடுத்துக் கழிப்பறையைக் கழுவ வைத்தார். காலிப் பணியிடங்களை நிரப்பாத அரசைக் கேள்வி கேட்க வேண்டிய மக்கள் பிரதிநிதி, இருக்கிற ஊழியரை இழிவுபடுத்தித் தன் கடமையை முடித்துக்கொண்டார்.

மகாராஷ்டிரத்தில் மருத்துவக் கல்வியின் தலைநகரம் என்று எதையேனும் சொல்ல வேண்டுமானால் அது புனேதான். டேவிட் சசூனின் நன்கொடையால் 1867இல் எழுந்த சசூன் பொது மருத்துவமனை, அதனோடு இணைந்த பி.ஜே. அரசு மருத்துவக் கல்லூரி, 1948இல் உருவான ராணுவ மருத்துவக் கல்லூரி, இவற்றைச் சுற்றி முளைத்த எண்ணற்ற தனியார் மருத்துவ, பல் மருத்துவ, செவிலியர், மருந்தியல், இயன்முறை மருத்துவக் கல்லூரிகள் என்று ஆண்டுதோறும் பட்டதாரிகளை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது இந்நகரம். மேலை மருத்துவத்தில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களில் ஒருவரான ஆனந்திபாய் ஜோஷி, அமெரிக்காவில் படித்துவிட்டு 1886இல் நாடு திரும்பினார். கோலாப்பூர் மருத்துவமனையின் பெண்கள் பிரிவுக்கு அவர் நியமிக்கப்பட்டும், பணியில் சேரும் முன்பே 1887 பிப்ரவரி 26 அன்று 22 வயதுகூட நிரம்பாத நிலையில் இதே புனேயில் காலமானார். அவருடைய பணிக்குக் குறுக்கே நின்றது காசநோய். இன்று பட்டத்தோடு புனேயின் வீதிகளில் அலையும் பெண்களுக்குக் குறுக்கே நிற்பது என்ன என்பதை அவர்கள் வேலை தேடும் முறையைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

சசூன் மருத்துவமனை மருத்துவக் கல்வித் துறையின் கீழ் வருகிறது. மாவட்ட மருத்துவமனை பொதுச் சுகாதாரத் துறையின் கீழ் வருகிறது. மாநகராட்சி மருத்துவமனைகளுக்கு நியமனம் தனி, தேசியச் சுகாதார இயக்கத்தின் ஒப்பந்தப் பணிகளுக்கு அறிவிப்பு தனி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், பெரும்பாலும் தனித்தனிக் கட்டணம். இவை எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. அதுவரை சோறு வேண்டுமே. ஆகவே மாநிலச் செவிலியர் குழுமத்தில் பதிவு கிடைத்த கையோடு அந்த இளம்பெண் தனியார் மருத்துவமனையின் நேர்காணலுக்குச் செல்கிறார். அங்கே முதல் கேள்வி, அனுபவம் உண்டா என்பது. இல்லை என்றால், ஓராண்டுக்குப் பயிற்சியாளர் என்ற பெயரில் சேர்த்துக்கொள்வார்கள். செய்வது முழு வேலை, கிடைப்பது பயிற்சி ஊதியம். பல இடங்களில் மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கமும், இத்தனை ஆண்டு பணியாற்றுவேன் என்று பத்திரம் எழுதி வாங்கும் வழக்கமும் இன்றும் நீடிக்கின்றன. சான்றிதழைப் போராடி மீட்டுவிட்டாலும் அனுபவச் சான்று என்ற கடைசிக் கயிறு நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. இடையில் விலகினால் அது கிடைக்காது. அது இல்லாமல் அடுத்த மருத்துவமனையும் சேர்க்காது, வெளிநாட்டு வேலையும் அமையாது. 2011இல் மும்பையின் தனியார் மருத்துவமனை ஒன்றில் கேரளத்தைச் சேர்ந்த இளம் செவிலியர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டபோது, இந்தப் பத்திர முறைக்கு எதிராகச் செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேரளத்துக்கும் பரவிய அந்தப் போராட்ட அலைதான் தனியார் மருத்துவமனைச் செவிலியர்களுக்கும் சங்கம் வேண்டும் என்ற எண்ணத்தை நாடெங்கும் விதைத்தது.

ஆயுர்வேத, ஓமியோபதிப் பட்டதாரிகளின் கதை புனேயில் இன்னும் விசித்திரமானது. தனியார் மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இரவுப் பணியிலும் நோயாளியின் அருகே நிற்கும் மருத்துவர் பெரும்பாலும் இவர்களாகவே இருப்பார்கள். அலோபதி மருத்துவருக்கு அளிக்க வேண்டிய ஊதியத்தை மிச்சப்படுத்த நிர்வாகம் கண்டுபிடித்த வழி இது. நோயாளிக்கு இது தெரியாது. அரசும் ஆயுர்வேதப் பட்டதாரிகளைச் சமுதாய சுகாதார அலுவலர் என்ற பெயரில் கிராமத் துணை மையங்களுக்கு அனுப்புகிறது. மாதம் 40,000 ரூபாய் என்று விளம்பரப்படுத்தப்படும் அந்தத் தொகையில் 25,000 மட்டுமே உறுதியான ஊதியம். மீதி 15,000 இலக்குகளை எட்டினால் கிடைக்கும் ஊக்கத்தொகை. இவர்களும் ஒப்பந்தப் பணியாளர்களே. பத்தாண்டு பணி முடித்த தேசியச் சுகாதார இயக்க ஒப்பந்தப் பணியாளர்களை ஈர்த்துக்கொள்ள 2024 மார்ச்சில் மகாராஷ்டிர அரசு ஆணையிட்டது. அந்த ஆணையை நிறைவேற்று என்று கேட்பதற்கே 2025 ஆகஸ்டில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியதாயிற்று.

ஒப்பந்த நியமனத்தின் விலையைப் புனே நகரம் ஏற்கெனவே கண்ணால் பார்த்திருக்கிறது. 2020 ஆகஸ்டில் பொறியியல் கல்லூரி மைதானத்தில் 800 படுக்கைகளுடன் மாபெரும் தற்காலிகக் கொரோனா மருத்துவமனை திறக்கப்பட்டது. கூடாரம் சில வாரங்களில் எழுந்தது. உள்ளே பணியாற்ற வேண்டிய மருத்துவர்களையும் செவிலியரையும் திரட்டித் தரும் வேலை ஓர் ஒப்பந்ததாரருக்கு வழங்கப்பட்டது. திறந்த சில நாட்களிலேயே போதிய ஆள் இல்லை என்பது அம்பலமானது. செப்டம்பர் 2 அன்று, அங்கே சிகிச்சை பெற்றுவந்த தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர், வேறு மருத்துவமனைக்கு மாற்றுவதற்கு உயிர்காக்கும் வசதி கொண்ட ஆம்புலன்ஸ் உரிய நேரத்தில் கிடைக்காமல் இறந்தார். அதன் பிறகே ஒப்பந்ததாரர் நீக்கப்பட்டார். படுக்கையையும் கூரையையும் பணத்தால் ஒரே வாரத்தில் வாங்கிவிடலாம். பயிற்சி பெற்ற செவிலியர் அணி பல ஆண்டுகள் ஒன்றாக வேலை செய்து உருவாவது. அதைத் தினக்கூலிக்குத் திரட்ட முடியாது என்ற பாடத்தை அரசு கற்கவில்லை.

தனியார் துறைச் செவிலியர் ஊதியம் குறித்து வழிகாட்டுதல் இல்லாமல் இல்லை. 2016 ஜனவரி 29 அன்று உச்சநீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி அமைக்கப்பட்ட ஜெகதீஷ் பிரசாத் குழு தெளிவாகவே பரிந்துரைத்தது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம், 100க்கு மேல் இருந்தால் அதைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையாத ஊதியம், 50க்கு மேல் இருந்தால் இருபத்தைந்து விழுக்காட்டுக்கு மேல் குறையாத ஊதியம், ஐம்பதுக்கும் குறைவான படுக்கைகள் கொண்ட சிறு மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. ஒன்றிய அரசு இதை மாநிலங்களுக்குக் கடிதமாக அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. பரிந்துரையைச் சட்டமாக்காமல் கடிதமாக்கினால், அது கோப்பில்தான் கிடக்கும். பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அன்று நிர்ணயித்த 20,000 ரூபாயின் மதிப்பும் இன்று பாதியை நோக்கிக் கரைந்துவருகிறது.

இந்த நிலையில்தான் 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மோடி அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. இவற்றில் மருத்துவமனை ஊழியர்களை நேரடியாகத் தாக்கும் ஒரு வரி போதிய கவனம் பெறவில்லை. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இடம்பெற்ற ஏழு நீதிபதிகள் அமர்வு, மருத்துவமனையும் கல்வி நிறுவனமும் தொழில் என்ற வரையறைக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. அதனால்தான் மருத்துவமனை ஊழியர்கள் தொழில் தகராறு எழுப்பவும், நீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் நீதிமன்றம் செல்லவும் முடிந்தது. புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்போ, அறப்பணி, சமூகப் பணிகளில் முழுமையாகவோ பெருமளவிலோ ஈடுபடும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைத் தொழில் என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைக்கிறது. புனேயின் பெரிய தனியார் மருத்துவமனைகளில் பல, அறக்கட்டளையாகப் பதிவு செய்யப்பட்டவை. பத்து விழுக்காடு படுக்கைகளை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு பத்து விழுக்காட்டை நலிந்த பிரிவினருக்குக் குறைந்த கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும் என்ற கடமை அவற்றுக்கு உண்டு. இந்தக் கடமையை நினைவூட்டினால் மருத்துவமனை நடத்துவதன் செலவைப் பற்றிப் பேசும் நிர்வாகங்கள், செவிலியர் சங்கம் வைத்தால் மட்டும் தங்களை அறச்சாலை என்று அழைத்துக்கொள்ள இனி சட்டமே வாய்ப்பளிக்கிறது. புதிதாகப் பணியில் சேரும் பெண்ணுக்கு இதன் பொருள், சேரும் நாளிலேயே அவருடைய வழக்காடும் உரிமை கேள்விக்குள்ளாகிறது என்பதே.

இன்னொரு பக்கம் படிப்பிடங்களைப் பெருக்கும் வேலை தடையின்றி நடக்கிறது. 1,570 கோடி ரூபாய் செலவில் 157 அரசு செவிலியர் கல்லூரிகளைத் தொடங்க 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வரவேற்க வேண்டியதுதான். தனியார் கல்லூரிக் கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகளுக்கு இது வாய்ப்பு. ஆனால் படித்து முடித்தவர்களுக்கு எத்தனை நிரந்தரப் பணியிடங்கள் உருவாக்கப்படும் என்ற கணக்கு அந்த அறிவிப்பில் இல்லை. 2025க்குள் பொதுச் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவோம் என்று 2017 தேசியச் சுகாதாரக் கொள்கையில் எழுதிய அரசு, அந்தக் கெடுவைப் பற்றி இப்போது பேசுவதே இல்லை. மகாராஷ்டிர அரசு 2024 பிப்ரவரியில் ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. செவிலியர் உள்ளிட்ட திறன் பணியாளர்கள் 10,000 பேரை அங்கே அனுப்புவது திட்டம். அவர்களுக்கு ஜெர்மன் மொழி கற்றுக்கொடுக்க அரசே முன்வந்தது. வெளிநாடு சென்று நல்ல ஊதியம் பெறும் உரிமை யாருக்கும் உண்டு. அதை எந்தத் தோழரும் குறைசொல்லப் போவதில்லை. சொந்த மாநிலத்து மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான இடங்களைக் காலியாக வைத்துக்கொண்டு, அந்த இடங்களில் இருக்க வேண்டியவர்களை வழியனுப்பி வைப்பதைச் சாதனையாக அறிவிப்பதுதான் வெட்கக்கேடு.

இதை வாசிக்கும் தமிழகத் தோழர்கள் மகாராஷ்டிரத்தின் நிலையைப் பார்த்து ஆறுதல் கொள்ள இடமில்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் என்ற தனி அமைப்பைத் தமிழ்நாடு வைத்திருக்கிறது. தேர்வு ஒழுங்காக நடக்கிறது என்பதும் உண்மையே. அந்த ஒழுங்கான தேர்வின் முடிவில் கிடைத்தது என்ன? 2015இல் 7,243 செவிலியர் பணியிடங்களுக்கு ஆள் எடுக்கப்பட்டபோது நிர்ணயிக்கப்பட்டது 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டாண்டு முடிந்ததும் காலமுறை ஊதியம் என்ற வாக்குறுதி காற்றில் போனது. 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் இரவும் பகலும் அமர்ந்து போராடியதைத் தொடர்ந்தே ஊதியம் உயர்ந்தது. கொரோனா காலத்தில் பணியமர்த்தப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள் 2022 டிசம்பர் 31 அன்று பணிநீக்கம் செய்யப்பட்டனர். அப்போது ஆட்சியில் இருந்தது திமுக. தோழமைக் கட்சி என்பதால் இந்தக் கேள்வியை மெல்லிய குரலில் கேட்க வேண்டிய அவசியம் இடதுசாரிகளுக்கு இல்லை.

புனேயில் தமிழர்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். ராணுவக் குடியிருப்பையும் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையையும் நம்பி வந்து, கேம்ப், கட்கி, தேஹு ரோடு பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் உள்ளன. அந்தக் குடும்பங்களின் பெண்பிள்ளைகள் செவிலியர் படிப்பையும் ஆய்வக நுட்பப் படிப்பையும் தேர்ந்தெடுப்பது அதிகரித்திருக்கிறது. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் படித்துவிட்டு வேலை தேடி வருபவர்களும் உண்டு. மராத்தி சரளமாகத் தெரியாத, உறவினர் இல்லாத அப்படிப்பட்டவர்களிடம்தான் சான்றிதழைப் பிடுங்கி வைப்பது மருத்துவமனை நிர்வாகங்களுக்கு எளிது. ஊர்ச் சங்கமும் கோயில் கமிட்டியும் பொங்கல் விழாவுக்கு அவர்களைத் தேடிச் செல்கின்றன. தொழிற்சங்கம் தேடிச் செல்கிறதா என்பது கட்சி தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

மருத்துவத் துறையில் சங்கப் பணி பெரும்பாலும் நிரந்தர ஊழியர்களோடு நின்றுவிடுகிறது. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றித் தீர்மானம் உண்டு, உறுப்பினர் சேர்க்கை குறைவு. பயிற்சியாளர் என்ற பெயரில் முழு வேலை செய்பவர் உறுப்பினராகலாமா என்ற தெளிவே பல கிளைகளில் இல்லை. ஆகலாம் என்று முடிவெடுப்பதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. வேலைக்குச் சேரும் முதல் மாதத்தில்தான் ஒருவருக்குத் துணை மிகவும் தேவைப்படுகிறது. நியமனக் கடிதத்தை எழுத்தில் கேட்பது, பத்திரத்தில் கையெழுத்திடும் முன் யாரிடமாவது காட்டுவது, மூலச் சான்றிதழுக்குப் பதிலாகச் சான்றொப்பமிட்ட நகலைக் கொடுப்பது ஆகியவை சிறிய விஷயங்கள். தனியாக நின்று இவற்றைக் கேட்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அவை சிறியவை அல்ல. கட்கியிலோ பிம்ப்ரியிலோ வாரத்தில் ஒரு மாலை இரண்டு தோழர்கள் உட்கார்ந்து, தேர்வு அறிவிப்புகளை மராத்தியிலிருந்து படித்துச் சொல்லவும், விண்ணப்பம் நிரப்பவும், பத்திரத்தைப் பார்த்துத் தரவும் ஏற்பாடு செய்வது கடினமான காரியமல்ல.

கோரிக்கைகளில் புதுமை எதுவும் தேவையில்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் அனைத்தும் நிரந்தரமாக நிரப்பப்பட வேண்டும். தேர்வை அரசுத் தேர்வாணையமே நடத்த வேண்டும், வேலையில்லாதவரிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது. ஜெகதீஷ் பிரசாத் குழுப் பரிந்துரைகள் இன்றைய விலைவாசிக்கேற்பத் திருத்தப்பட்டுச் சட்டமாக வேண்டும். அறக்கட்டளை மருத்துவமனைகளுக்குத் தரப்பட்டுள்ள விலக்கு நீக்கப்பட வேண்டும். தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்கு எதிரான அடுத்த கட்டப் போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியலில் இந்தக் கடைசிக் கோரிக்கை தனியாக இடம்பெறுவது அவசியம். மருத்துவமனை வாயிற்கூட்டங்களில் அதை இரவுப் பணி முடிந்து வெளியே வரும் செவிலியர்களுக்கு விளக்கிச் சொல்லும் துண்டறிக்கை மராத்தி, இந்தியோடு தமிழிலும் மலையாளத்திலும் அச்சாக வேண்டும்.